டேப்லெட்டில் வீடியோ கால் தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

டேப்லெட்டில் வீடியோ கால் மக்கர் செய்தால் பலரும் முதல் வேலையாக ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். அதனால் சரியாவது அபூர்வம். ஓர் அழைப்புக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. மணி அடிக்க வைப்பது நோட்டிஃபிகேஷன். பேச்சும் படமும் போய்வருவது இன்னொரு பாதை. குரலையும் முகத்தையும் ஆப்பிடம் கொடுப்பது மைக்கும் கேமராவும், அவற்றுக்குக் காவலாக நிற்கும் பெர்மிஷனும். இந்த மூன்றில் எது பழுது என்பதை அறிகுறியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கவனிக்காமல் எல்லா செட்டிங்கையும் கலைத்தால் ஒழுங்காக இருந்ததும் கெட்டுப்போகும்.

முதலில் ஐந்து நிமிடச் சோதனை

1. வாய்ஸ் ரெக்கார்டரில் பத்து விநாடி பேசி, போட்டுக் கேளுங்கள்.
2. கேமரா ஆப்பில் முன்பக்கக் கேமராவால் பத்து விநாடி வீடியோ எடுத்துப் பாருங்கள். அதில் பதிவான குரலையும் கேளுங்கள். பல டேப்லெட்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உண்டு, ரெக்கார்டர் ஒன்றையும் வீடியோ இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம்.
3. அதே ஆப்பில், ஃபோன் ஹாட்ஸ்பாட் போன்ற வேறு நெட்டில் இணைந்து அழையுங்கள்.
4. பழைய வைஃபைக்குத் திரும்பி, வேறு ஆப்பில் அழையுங்கள்.

முதல் இரண்டிலேயே குரலோ படமோ இல்லை என்றால் கோளாறு டேப்லெட்டில், நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றாவதில் சரியானால் வைஃபை அல்லது ரவுட்டர். நான்காவதில் மட்டும் சரியானால் அந்த ஆப்பின் பெர்மிஷன் அல்லது கணக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

சிம் போட்டாச்சு, ஆனால் சாதாரண எண்ணுக்குப் பேச முடியவில்லை

இது பல நேரம் பழுதே இல்லை. சிம் போடும் வசதி இருப்பதாலேயே ஒரு டேப்லெட் ஃபோனாகிவிடாது. ஐபேடில் சிம் டேட்டாவுக்கு மட்டும்தான். சாதாரண எண்களுக்குப் பேச வேண்டுமானால், அதே ஆப்பிள் கணக்கில் இருக்கும் ஐபோனின் எண் வழியாகப் பேசலாம்: ஐபோனின் ஃபோன் செட்டிங்ஸில் ‘கால்ஸ் ஆன் அதர் டிவைசஸ்’, ஐபேடின் ஃபேஸ்டைம் செட்டிங்ஸில் ‘கால்ஸ் ஃப்ரம் ஐபோன்’ இரண்டும் ஆன் ஆகியிருக்க வேண்டும், இரண்டு கருவியிலும் ஃபேஸ்டைமில் அதே கணக்கு இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் மாடலுக்கு மாடல் மாறும். சிம் உள்ள மாடலில் ஃபோன் ஆப்பும் டயல் பேடும் தொழிற்சாலையிலிருந்தே இருந்தால் பேசலாம். இல்லையென்றால் ஆப் ஸ்டோரிலிருந்து ஏதோ டயலர் ஆப்பை இறக்கி அந்த வசதியைக் கொண்டுவர முடியாது.

ஆபத்து நேரத்தில் அழைக்க டேப்லெட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வாட்ஸ்ஆப், ஸூம் போன்ற ஆப்களால் அவசர உதவி எண்களை அழைக்க முடியாது.

வாட்ஸ்ஆப்பில் இன்னொரு குழப்பம். டேப்லெட்டில் அதே எண்ணைக் கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்தால் ஃபோனிலிருந்து வெளியேறிவிடும். பதிவு செய்யாமல் இணைக்க வேண்டும்: ஃபோனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ திறந்து டேப்லெட் காட்டும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். ஃபோனைத் தவிர நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஃபோனை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் இணைத்த கருவிகள் தாமாகவே வெளியேறிவிடும். "நேற்றுவரை வந்தது, இன்று கால் வரவில்லை" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐபேடுக்கான தனி வாட்ஸ்ஆப் 2025 மே மாதம்தான் வந்தது.

அவர்கள் அழைக்கிறார்கள், டேப்லெட் அடிப்பதில்லை

ஆப்பைத் திறந்து வைத்திருந்தால் மணி அடிக்கிறது, திரை அணைந்திருந்தால் மட்டும் அடிப்பதில்லை என்றால் காரணம் ஏறக்குறைய நிச்சயம்: பேட்டரி சேமிப்பு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → அந்த ஆப் → பேட்டரி போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்குங்கள். சில நிறுவனங்களின் டேப்லெட்டில் ‘ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ அல்லது ‘ஆட்டோ ஸ்டார்ட்’ என்று இன்னொரு பட்டியலும் ஒளிந்திருக்கும், அங்கேயும் பாருங்கள்.

ஆப் திறந்திருந்தாலும் ஒலி இல்லை என்றால் நோட்டிஃபிகேஷனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், ஆப்பை நிறுவி முதலில் திறக்கும்போது நோட்டிஃபிகேஷனுக்குத் தனியாக அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘டோன்ட் அலவ்’ தட்டியிருந்தால் அன்றிலிருந்து மௌனம்தான். அழைப்பு சின்னப் பட்டையாக மட்டும் எட்டிப் பார்க்கிறது, திரை முழுக்க வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு 14-ல் வந்த ‘ஃபுல் ஸ்க்ரீன் நோட்டிஃபிகேஷன்ஸ்’ அனுமதியைப் பாருங்கள். ‘ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்’ பகுதியில் இருக்கும்.

மேசை டிராயரில் மாதக்கணக்கில் கிடந்த டேப்லெட் என்றால் வேறு கதை. ஆண்ட்ராய்டு 11-லிருந்து, சில மாதங்கள் திறக்கப்படாத ஆப்களின் அனுமதிகளை சிஸ்டமே பறித்துக்கொள்ளும். போன வருடம் கொடுத்த மைக், கேமரா அனுமதி இப்போது இல்லாமல் போயிருக்கும். மறுபடி கொடுத்துவிட்டு, அந்த ஆப்பின் பக்கத்தில் ‘இஃப் அன்யூஸ்ட்’ என்று முடியும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் இதை மறக்காமல் செய்ய வேண்டும்.

ஐபேடில் முதல் சந்தேகம் ‘ஃபோகஸ்’ மீதுதான் விழ வேண்டும். ‘ஷேர் அக்ராஸ் டிவைசஸ்’ ஆன் ஆகியிருந்தால், ஐபோனில் தூங்கும் நேரம் என்று வைத்தது ஐபேடின் வாயையும் சேர்த்து அடைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஓர் அலுவலகம் அல்லது விடுதியின் வைஃபையில் மட்டும் மணி அடிக்கவில்லை என்றால், அங்கே நோட்டிஃபிகேஷன் பாதையை மூடியிருக்கலாம். ஆண்ட்ராய்டு நோட்டிஃபிகேஷன்கள் 5228 முதல் 5230 வரையிலான போர்ட்டுகளில், அதாவது எண்ணிட்ட இணைய வாசல்களில் வருகின்றன. நெட்வொர்க்கைப் பார்ப்பவரிடம் இந்த எண்களைச் சொன்னால் அவருக்குப் புரியும்.

மணி அடித்தது, எடுத்தாச்சு, ‘கனெக்டிங்’ என்றே நிற்கிறது

அல்லது நேரம் ஓடுகிறது, இரு பக்கமும் ஒரு சத்தமும் இல்லை. கையில் இருப்பது அருமையான தடயம். அழைப்புச் செய்தி சாதாரண இணையப் பாதையான 443-ஆம் போர்ட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது. குரலும் படமும் தாமதமில்லாமல் போவதற்கான யுடிபி என்ற தனிப் பாதை அடைபட்டிருக்கிறது. கூகுள் மீட் 3478-ஐயும், ஸூம் 8801 முதல் 8810 வரையும் யுடிபியில் பயன்படுத்துகின்றன. யுடிபி கிடைக்காவிட்டால் சில ஆப்கள் 443 வழியாகவே குரலையும் அனுப்பிச் சமாளிக்கும், ஆனால் தாமதம் கூடும். மற்றவை அப்படியே தொங்கி நிற்கும்.

செய்ய வேண்டியது: விபிஎன் இருந்தால் அணையுங்கள். விளம்பரத் தடுப்பு ஆப்களில் சில உள்ளுக்குள் விபிஎன்னாகவே ஓடும், அவற்றையும் சேர்த்து. பொது வைஃபையில் லாகின் பக்கம் பாதியில் நின்றிருக்கிறதா என்று பிரவுசரைத் திறந்து பாருங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். அங்கே உடனே குரல் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. சில நாடுகளில் குறிப்பிட்ட ஆப்களின் அழைப்பை மட்டும் சட்டப்படி தடுத்திருப்பார்கள். செய்தி போகும், கால் போகாது. அது டேப்லெட்டின் குற்றமல்ல.

டேப்லெட்டின் தேதியும் நேரமும் சரிதானா என்றும் ஒரு பார்வை. பேட்டரி முழுக்கத் தீர்ந்து நாட்கணக்கில் கிடந்த கருவியில் தேதி பின்னால் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்று, ஆப் உள்ளேயே விடாது.

நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

மியூட் பொத்தானைப் பார்த்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் குவிக் செட்டிங்ஸில் ‘மைக் ஆக்சஸ்’, ‘கேமரா ஆக்சஸ்’ என்று இரண்டு சுவிட்சுகள் உண்டு. கை தவறி அணைத்தால் எல்லா ஆப்புக்கும் ஒரே அடியாக மைக் போய்விடும். அழைப்பின்போது திரையின் மேல் மூலையைப் பாருங்கள்: ஆண்ட்ராய்டில் பச்சை அடையாளம், ஐபேடில் மைக்குக்கு ஆரஞ்சுப் புள்ளி, கேமராவுக்குப் பச்சைப் புள்ளி. புள்ளியே இல்லை என்றால் ஆப் மைக்கைத் தொடவே இல்லை, பெர்மிஷனைப் பாருங்கள். புள்ளி இருந்தும் குரல் போகவில்லை என்றால், எந்த மைக்கைத் தொட்டது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் அது பக்கத்து அறையில் பெட்டிக்கு வெளியே கிடக்கும் புளூடூத் இயர்பட்ஸ். புளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி அழையுங்கள். புளூடூத்திலேயே பேசுகிறவர்கள், பாட்டு நன்றாகக் கேட்கிறது, பேசினால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது என்பார்கள். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வகை இணைப்பு, மைக்கும் சேர்ந்து ஓட வேறொரு வகை இணைப்பு. இரண்டாவதில் ஒலியின் மாதிரி வீதம், அதாவது விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்தெடுக்கிறது என்பது, 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். புது இயர்பட்ஸ் வாங்கினாலும் இந்தப் பாகுபாடு அவ்வளவு எளிதாகப் போகாது. தெளிவான குரல் வேண்டுமென்றால் ஒயர் ஹெட்செட்தான்.

ஒயரிலும் பொறி உண்டு. பிளக்கின் உலோக முனையை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அதில் மூன்று தொடர்புகள்தான், மைக் கிடையாது. மூன்று வளையம் இருந்தால் மைக் உண்டு. மூன்று வளையம் இருந்தும் குரல் மங்கி, ஒயரிலுள்ள பொத்தானை அழுத்தினால் மட்டும் தெளிகிறது என்றால் அது ஓஎம்டிபி என்ற பழைய வயரிங் முறை; இன்றைய கருவிகள் எதிர்பார்ப்பது சிடிஐஏ என்ற முறை. மைக்கும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். டைப்-சி இணைப்பி வழியாக மாட்டுகிறவர்கள், உள்ளே ஒலி மாற்றும் சிப் இருக்கும் இணைப்பியாகப் பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் ஒயர் இணைப்பி பல டேப்லெட்டுகளில் ஊமையாகவே இருக்கும்.

உறை போட்ட டேப்லெட்டில் மைக் துளை மறைந்திருக்கலாம். குண்டூசியளவு துளை அது. விளிம்பிலோ பின்பக்கக் கேமரா அருகிலோ இருக்கும். உறையைக் கழற்றி ரெக்கார்டரில் மறுபடி பேசிப் பாருங்கள். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள், ஊசியை உள்ளே விடாதீர்கள். பின்னால் இருக்கும் துளை பல நேரம் சுற்றுச் சத்தத்தை அளக்க இருக்கிறது. அதை விரல் மூடினால் சில கருவிகளில் உங்கள் குரலையே இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

மீட்டிங் லிங்க்கைத் தட்டிச் சேர்ந்தீர்களா? அரட்டை ஆப்புக்குள்ளேயே திறக்கும் குட்டி பிரவுசருக்குப் பல நேரம் மைக்கும் கேமராவும் கிடைக்காது. மூன்று புள்ளி மெனுவில் குரோம் அல்லது சஃபாரியில் திறக்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். 

பாட்டு, வீணை, வயலின் வகுப்பு நடத்துகிறவர்களுக்குத் தனிக் குறை: பேச்சு கேட்கிறது, வாத்தியம் விட்டு விட்டுப் போகிறது. இரைச்சல் நீக்கி ஸ்ருதியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போடுங்கள். ஐபேடில் அழைப்பின் நடுவே கண்ட்ரோல் சென்டரைத் திறந்து மைக் மோடை ‘வைட் ஸ்பெக்ட்ரம்’ ஆக்குங்கள். இரைச்சலான இடத்தில் பேசுகிறவர்களுக்கு நேர்மாறாக ‘வாய்ஸ் ஐசொலேஷன்’.

அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை

ஆண்ட்ராய்டில் அழைப்பின் ஒலியளவு, பாட்டின் ஒலியளவு இரண்டும் வேறு வேறு. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்யூம் பொத்தானை அழுத்துங்கள். முன்கூட்டியே ஏற்றினால் பாட்டுக்குத்தான் ஏறும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் காதோடு வைத்துக் கேட்கும் இயர்பீஸ் கிடையாது, எல்லாம் ஸ்பீக்கர்தான். ரகசியம் பேச ஹெட்செட் இல்லாமல் வழியில்லை.

எதிரொலி: என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது

இங்கேதான் அநேகமாக எல்லோரும் தவறான கருவியைப் பிரிக்கிறார்கள். உங்கள் குரல் உங்களுக்குத் திரும்பக் கேட்டால் கோளாறு எதிர்முனையில். அவர்களுடைய ஸ்பீக்கரிலிருந்து வந்த உங்கள் குரலை அவர்களுடைய மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே ஒலியைக் குறைக்கவோ ஹெட்செட் மாட்டவோ வேண்டியவர் அவர். குழு அழைப்பில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவராக மியூட் செய்யச் சொல்லுங்கள். எவர் மியூட் ஆனதும் எதிரொலி நிற்கிறதோ அவர்தான். எதிரொலி கேட்காத ஒரே ஆளும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

ஒரே அறையில் ஃபோனும் டேப்லெட்டும் ஒரே அழைப்பில் இருந்தால் வருவது ஊளை. ஒன்றில் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் அணையுங்கள். மைக்கை மட்டும் அணைத்தால் போதாது.

விட்டு விட்டுக் கேட்கிறது, படம் உறைகிறது

யாருடைய படம் யாருக்கு உறைகிறது? நீங்கள் உறைந்து நிற்பதாக அவர்கள் சொன்னால், உங்கள் அப்லோடில் சந்தேகம். எல்லோருமே உங்களுக்கு உறைந்தால் உங்கள் டவுன்லோடு. ஒருவர் மட்டும் உறைந்தால் அவருடைய நெட். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை மிச்சம் பண்ணிவிடும்.

வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறதே என்பது பெரிய ஆறுதல் இல்லை. ஸூம் சொல்லும் கணக்குப்படி குரலுக்கு 60 முதல் 80 கேபிபிஎஸ், இருவர் பேசும் வீடியோவுக்கு 600 கேபிபிஎஸ், 720பி தெளிவுக்கு 1.2 எம்பிபிஎஸ் போதும். தேவை சீரான ஓட்டம். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் பரிந்துரை. 400-ஐத் தாண்டினால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவார்கள். ஆகவே சோதனையில் அப்லோடு, பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் மில்லிவிநாடி) இரண்டையும் பாருங்கள். பிங் எண் ஒவ்வொரு தடவையும் 20, 180, 40 என்று தாவினால் அதுதான் வியாதி.

தாவலுக்கு வழக்கமான காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். டேப்லெட்டே பின்னணியில் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு குழாய் நிறைந்து, குரல் வரிசையில் காத்துக் கிடக்கும். பேசும் நேரத்தில் பேக்அப்பை நிறுத்துங்கள். அடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல்: மைக்ரோவேவ் அடுப்பும் அந்த அலைவரிசையில்தான், புளூடூத்தும் அதில்தான். அதே அறையில் ரவுட்டர் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டு சுவர் தாண்டி உட்காருவதென்றால் 2.4 எட்டும், 5 தளரும். பேசிக்கொண்டே அறை அறையாக நடப்பவர்களுக்கு, டேப்லெட் ஒரு வைஃபை ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஓரிரு விநாடி அறுவது இயல்பு. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதும் ‘ரீகனெக்டிங்’ வரும்.

எதுவும் பலிக்காவிட்டால் வீடியோவை அணையுங்கள். குரலுக்குத் தேவை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மொபைல் டேட்டாவில் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: இரு திசையிலும் 1.2 எம்பிபிஎஸ் ஓடினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.1 ஜிபி போய்விடும்.

முகம் தெரியவில்லை, அல்லது தெரிய வேண்டிய விதத்தில் தெரியவில்லை

முழுக் கருப்பு என்றால் கேமரா அனுமதி, கேமரா ஆக்சஸ் சுவிட்ச், ஒட்டு மூடி, இந்த வரிசையில் பாருங்கள். பிறகு கேமராவை வேறு ஆப் பிடித்துவைத்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு முயலுங்கள். ஐபேடில் பக்கத்தில் இன்னொரு ஆப்பைத் திறந்ததும் உங்கள் படம் நின்றால், அந்த ஆப் பிரிந்த திரையில் கேமராவை ஆதரிக்கவில்லை. முழுத் திரைக்குத் திரும்புங்கள்.

எப்போதும் எங்கோ பக்கவாட்டில் பார்ப்பதுபோல் தெரிகிறீர்களா? கேமரா குறுகிய விளிம்பில் இருக்கிறது, நீங்கள் டேப்லெட்டைப் படுக்கவைத்திருக்கிறீர்கள். நிமிர்த்தி வையுங்கள். 2022-ல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில்தான் ஆப்பிள் முதலில் கேமராவை நீள விளிம்புக்கு மாற்றியது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுதான் தெரியும். எதிர்ப்பக்கம் மாறி உட்காருவதே மருந்து. உங்கள் திரையில் சட்டையின் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தால் கவலை வேண்டாம், அது கண்ணாடிப் படம். அவர்களுக்கு நேராகத்தான் போகிறது.

படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் விளக்குதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமரா செட்டிங்ஸில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ இருந்தால் உங்கள் மின்சாரத்துக்கு ஏற்ப 50 அல்லது 60 வையுங்கள். இல்லையென்றால் விளக்கை மாற்றுங்கள்.

அரை மணி நேரத்தில் சூடாகி, படம் திக்குகிறது

வீடியோ கால் டேப்லெட்டைப் பிழிந்தெடுக்கும் வேலை: கேமரா, திரை, வைஃபை, வீடியோவைச் சுருக்கும் சிப் எல்லாம் ஒரே நேரத்தில். சூடு ஏறினால் சிஸ்டம் வேகத்தையும் வெளிச்சத்தையும் குறைக்கும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். உறையைக் கழற்றுங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், மெத்தைமேல் வைக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டே பேசுவது சூட்டைக் கூட்டும். 5 வாட் சார்ஜர் என்றால் போட்டிருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முன்கூட்டியே ஏற்றிவிட்டு, பிடுங்கிவிட்டுப் பேசுவது நல்லது.

பழைய டேப்லெட், ஆப் உள்ளேயே விடவில்லை

ஆப் அப்டேட் கேட்கிறது, ஸ்டோரில் ‘உங்கள் கருவிக்குப் பொருந்தாது’ என்று வருகிறதா? செட்டிங்ஸில் சிஸ்டம் அப்டேட் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் குரோமையாவது புதுப்பித்து, மீட்டிங் லிங்க்கை அதில் திறந்து பாருங்கள். ஆப் கைவிட்ட கருவியிலும் சில நேரம் பிரவுசர் கைகொடுக்கும். ஸ்கைப் மட்டும்தான் வைத்திருந்தேன் என்பவர்கள் தேடிப் பயனில்லை, அது 2025 மே 5-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது.

‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ கடைசி ஆயுதம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள், விபிஎன் அமைப்பு எல்லாம் அழியும், ஆண்ட்ராய்டில் புளூடூத் இணைப்புகளும் சேர்ந்து போகும். தட்டுவதற்கு முன் வைஃபை கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் இரண்டு சோதனையில் மைக்கோ கேமராவோ தோற்றிருந்தால் அந்த ரீசெட்டைத் தொடவே வேண்டாம். அனுமதி, உறை, புளூடூத் மூன்றும் பார்த்து, ஒருமுறை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்றால் நேராக சர்வீஸ் சென்டர்தான்.